வலப்பக்கமே திரும்பிய குமிழ்

அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு என் மகள் யாமினியின் குரல் தடித்துவிட்டது.

அதுவரை அவள் குரல் அவள் குரலாகவே இருந்தது. திருப்பதிக்கு அப்பால் ஓர் ஏரிக்குக் கீழே, மழையில், ஜீப்புக்குள் உட்கார்ந்து அவள் பேசினாள். சித்தூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஹாம் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து நான் கேட்டேன். திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண்பிள்ளை பேசுவதுபோல் ஆகிவிட்டது. நான் பயப்படவில்லை. அவள் கருவியின் அலைவரிசை கொஞ்சம் நகர்ந்தால் என் பக்கம் குரல் அப்படித்தான் கேட்கும். அலைவரிசைக் குமிழை வலப்பக்கம் இம்மியளவு திருப்பினேன். என் மகள் மறுபடி என் மகளாகப் பேசினாள்.

அந்த இம்மியளவைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். என்னோடு வேலை பார்த்த இளையவர்களும், வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேச ஹாம் உரிமம் வாங்கிய பிள்ளைகளும் சேர்ந்த வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது. "குமிழை வைத்தே ஜீப் சாய்ந்ததைக் கண்டுபிடித்த மேடம்" என்று அதில் போட்டு, கைதட்டும் படங்களை வரிசையாக அனுப்பினார்கள். "மேடம், அந்த நாபோட அளவு அனுப்புங்க, நாங்களும் செஞ்சுக்குறோம்" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அளவை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். படித்துவிட்டு வேண்டுமென்றால் செய்துகொள்ளட்டும்.

நான் நகரியில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து அரசின் வயர்லெஸ் பணிமனை ஒன்றில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈயம் உருகும் புகையில் கண் எரிந்தது, கற்றுக்கொண்டேன்.

பணிமனைத் தலைவர் சலபதி சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குட்டையான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். நாங்கள் பழுது பார்த்த கருவி அவர் மேஜைக்குப் போனதும் முதலில் கையைத் துடைத்துக்கொள்வார். உள்ளே என்ன மாற்றினோம் என்று கேட்கமாட்டார். குமிழில்தான் ஆரம்பிப்பார். சுட்டுவிரலை மட்டும் வைத்து ஒரு சுற்று. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சுற்று. பிறகு குனிந்து குமிழின்மேல் வாயால் ஊதுவார். ஊதியதற்கே அது அசைந்தால் பிடிமானம் போதாது என்று அர்த்தம். கடைசியாக மேஜையில் முஷ்டியால் ஒரு குத்து. அந்த அதிர்வில் அலைவரிசை எண் மாறினால் கருவி எங்களிடம் திரும்பி வந்துவிடும். திட்டமாட்டார். கருவியோடு ஒரு கப் டீயும் அனுப்புவார். அந்த டீயைக் கண்டாலே எங்களுக்கு முகம் தொங்கிவிடும்.

நான் சேர்ந்த புதிதில் குமிழை மூன்று விரலால் இறுக்கிப் பிடித்துத் திருப்புவேன். "பட்டுக்கோவத்து சுகுணம்மா" என்பார் தெலுங்கில். பிறகு எனக்காகத் தமிழில் இன்னொரு முறை: "பிடிக்காதே. தொடு. அதுக்கும் உசுரு இருக்குதுன்னு நெனைச்சுக்கோ."

பலமனேர் பக்கத்தில் ஓர் ஆபரேட்டருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. அலைவரிசையில் நிற்கவே முடியவில்லை, அவரை வேலையிலிருந்து தூக்கிவிடப் பார்த்தார்கள். நான் அவருடைய குமிழைக் கழற்றி, உள்ளே ஒரு கனமான பித்தளை வளையம் பொருத்தி, மேலே ரப்பர் பட்டை சுற்றிக் கொடுத்தேன். கனம் கூடியதும் அவர் கை நடுங்கினாலும் குமிழ் நடுங்கவில்லை. சலபதி சார் அதைத் தொட்டார், ஊதினார், குத்தினார். டீ வரவில்லை. நான் வாங்கிய முதல் பாராட்டு அது. அதற்குப் பிறகு எங்கே யாருக்குக் குமிழ் கைக்கு ஒத்துவராவிட்டாலும் என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ரேடியோ அறைக்கு அவர் வைத்திருந்த விதிகள் இரண்டே. எங்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு, எல்லோரும் இரண்டையும் கலந்து பேசுவோம். அதனால் எண் எதுவானாலும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். செய்தி எதுவானாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "கரெக்ட்" என்ற பிறகுதான் அது செய்தி, அதுவரை வெறும் சத்தம். "கெட்ட சேதின்னா நாமே நம்பாம ரெண்டு தடவ கேப்போம்" என்பார். "நல்ல சேதி வந்தாதான் ஜாக்கிரதை சுகுணம்மா. மனசு முந்திக்கும்."

இருபத்தெட்டு வருடம் இந்த இரண்டு விதிகளையும் நான் மீறியதில்லை.

பிறகு புதுக் கருவிகள் வந்தன. அவற்றில் குமிழே இல்லை, பொத்தான்தான். எண்ணை அழுத்தினால் அலைவரிசை தானாக வந்து நிற்கும். என் கைக்கு வேலை இல்லாமல் போனது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாமினி அப்போது திருப்பதியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளும் ஒன்றாகத் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்கினோம். பேசவும் கேட்கவும் ஆகும் பழைய டிரான்ஸ்சீவர்கள் ஒரே மாதிரியாக இரண்டு கிடைத்தன. ஒன்று சித்தூரில் எனக்கு, ஒன்று அவளுடைய விடுதி அறைக்கு.

அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது கைச் சுட்டுவிரல் முழுதாக மடங்காது. குமிழைப் பிடித்துத் திருப்ப முடியாது. விரல் நுனியை ஒரு குழியில் வைத்துச் சுழற்றினால்தான் உண்டு. அதற்காகக் குமிழை மாற்றினேன். முன்பக்கத்தில் ஓரமாக ஒரு குழி தோண்டி, அதில் விரல் வழுக்காமல் உட்காரும்படி ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தைப் பதித்தேன். பின்னால் இருக்கும் இறுக்கும் திருகைத் தளர்த்தி, தொட்டால் சுழலும்படி இலகுவாக்கினேன். அவளுடையதைப் போலவே என்னுடையதையும் செய்துகொண்டேன்.

கிண்ணத்தைக் கடைந்து கொடுத்தவர் மாங்கூழ் ஆலை இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் லேத் பட்டறைக்காரர்.

"இன்னா மேடம் இது, எந்த மிஷினுக்கு?"

"ரேடியோவுக்குப்பா."

"ரேடியோவுக்கு இம்மாம் வெயிட்டா? பாட்டு கீழ வுழுந்துடப் போவுது, பாத்துக்கோங்க."

இருவரும் சிரித்தோம்.

ஒரு பக்கம் மட்டும் பித்தளை இருந்தால் குமிழ் ஒருதலைக் கனமாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் அதே கனத்தில் ஒரு துண்டு வைத்து ஈடுகட்டலாம். வைத்தால் குமிழ் பருத்துவிடும், அவள் விரலுக்கு வசதிப்படாது என்று விட்டேன். சாப்பாட்டு மேஜைமேல் வைத்து ஊதினேன், குத்தினேன். எண் அசையவில்லை. அந்தச் சோதனை மேஜைக்குச் சரி. மேஜை சாயாது, மேஜைக்குக் கீழே என்ஜின் ஓடாது.

அந்த மழையில் திருப்பதிச் சுற்றுவட்டாரத்தில் செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. ஏரிகளில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. ஹாம் பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிட்டார்கள். யாமினி தன் கருவியை ஒரு வாடகை ஜீப்பில் பொருத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். காலையில் ரேடியோவில்தான் என்னிடம் சொன்னாள்.

"வேணாம்டி" என்றேன்.

"நீ மட்டும் அத்தினி வருசம் ரேடியோ ரூம்ல உக்காந்துகினு இருந்தே. நான் ஒரு நாள் போவக்கூடாதா? நைனாகிட்ட சொல்லாதம்மா, ஷிப்ட வுட்டுட்டு வந்துடுவாரு."

அவள் அப்பா ஸ்ரீ சிட்டியில் ஓர் ஆலையில் வேலை செய்கிறார். அவரையும் போனில் பிடிக்க முடியவில்லை.

பிறகு ஓர் ஆண்குரல் வந்தது. "அம்மா, நானு முனிரத்தினம், ஜீப் டிரைவரு. நாகலாபுரம் பக்கம் எங்க ஊரு. பாப்பாவ பத்திரமா இட்டாந்து வுட்டுர்றேன். ஆனா பூரி வாங்கிக் குடுத்தா துன்ன மாட்டேங்குது. ஜீப்புக்கு வெயிட்டு வேணும்மா, சொல்லுங்க கொஞ்சம். இன்னாது பாப்பா? ஆ, ஓவர்னு சொல்லணுமாமே. ஓவர்!"

நான் சிரித்தேன். அந்தக் குரலை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

யாமினி இன்னொன்றும் சொன்னாள். "ம்மா, இந்த நாப் வண்டி ஓடுறப்போ தானா சுத்தி, கிண்ணம் கீழ வந்து நின்னுக்குது. மேல தூக்கி வெச்சாலும் திரும்பக் கீழயே போவுது. அத அப்பிடியே வுட்டுட்டு, பக்கத்துல கீற சின்னப் பொத்தான்ல ஃப்ரீக்வென்சிய சரி பண்ணிக்கினேன்."

"சரி, அப்படியே வெச்சுக்கோ" என்றேன். கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி அது எப்போதும் மண்ணைப் பார்த்துத் தொங்குகிறது என்பது எனக்கு அப்போதே புரிந்திருந்தது. புரிந்தும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேல் அவர்கள் ஓர் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஏரிக்கரைக்குக் கீழேயே சாலை. மதகில் வரிசையாக மூன்று கதவுகள். திறந்திருந்த கதவுகளிலிருந்து வந்த தண்ணீர் சாலையைக் குறுக்கே கடந்து ஓடியது. ஜீப் அதில் பாதியில் நின்றுவிட்டது. "முழங்கால் தண்ணிதாம்மா, எம் பக்கம் மதகுச் செவுரு" என்றாள். "கேட்ட மூடறதுக்கு ஆள் போய்க்கீறாரு. மூடிட்டா தண்ணி வடிஞ்சுரும், வந்துருவோம். டிரைவர் அண்ணா என்ஜின ஆஃப் பண்ணக்கூடாதுன்னு ஓட்டிக்கினே கீறாரு, சைலன்சர்ல தண்ணி பூந்துருமாம்."

எங்கள் வீட்டுத் தரைவழித் தொலைபேசி வேலை செய்தது. திருப்பதியில் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். அங்கே ஹரி என்ற பையன் பேசினான். ஏரிக்கு ஒரு ஜேசிபி அனுப்புவதாகச் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் மூன்று நாற்பது. குரல் தடித்தது, நான் குமிழை வலப்பக்கம் திருப்பினேன், சரியானது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தடித்தது. இம்முறை இரைச்சலும் சேர்ந்துகொண்டது. அதற்குள்ளிருந்து துண்டு துண்டாக வந்தது:

"கேட் மூடு... ஓம்... ஜீப் நவுர..."

நான் கேட்டது இதுதான்: கேட்டை மூடிவிட்டோம், ஜீப் நவுருது.

திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. ஆபரேட்டராக அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அங்கே இருந்தது அவள் அம்மா. எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அதே வார்த்தை வந்ததும் ரிசீவரை எடுத்தேன்.

"ஹரி, கேட்டை மூடிட்டாங்களாம்ப்பா. ஜீப் வெளிய வந்துடுச்சு."

"அம்மய்யா! பரவால்ல மேடம். அப்போ ஜேசிபிய வேற எடத்துக்கு அனுப்பட்டுமா? இங்க நாலு எடத்துல கேக்கறாங்க."

"அனுப்புப்பா."

"டிரைவர் வீட்டுல இருந்தும் ஆள் வந்து கேட்டுகினே கீறாங்க. சொல்லிர்றேன்."

"சொல்லிடு" என்றேன். அவர்களும் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

எழுந்து போய் முகம் கழுவினேன். கடவுள் படத்துக்கு முன்னால் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது யாமினி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை, குரல் அவ்வளவு தடித்திருந்தது. குமிழை வலப்பக்கம் திருப்பினேன். தெளிந்தது, மறுபடி தடித்தது. மறுபடி வலப்பக்கம்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

மனிதர் கை தவறினால் அலைவரிசை ஒரு முறை இந்தப் பக்கம் போகும், ஒரு முறை அந்தப் பக்கம் போகும். நான் மூன்று நாற்பதிலிருந்து ஒவ்வொரு முறையும் வலப்பக்கமே திருப்பிக்கொண்டிருந்தேன். முதலில் என் குமிழின் கிண்ணம் கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் நேர் உச்சியில் இருந்தது. இப்போது ஒன்றைத் தாண்டியிருந்தது.

இரண்டும் ஒரே கருவி, ஒரே குமிழ். அவளைப் பின்தொடர நான் எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு அவள் குமிழும் திரும்பியிருக்கிறது. ஆனால் அவள் தொடவில்லை. அவள் குமிழ் மண்ணைப் பார்த்துத் தொங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறது. திரும்பியது அதைச் சுற்றி இருக்கும் பெட்டி. பெட்டி இருக்கும் ஜீப். ஜீப் இடப்பக்கம் சாய்கிறது. என் கை வலப்பக்கம் திரும்பிய அளவுதான் ஜீப் இடப்பக்கம் சாய்ந்த அளவு.

தண்ணீர் வடிந்து, வண்டி வெளியே வந்திருந்தால் அது ஏன் சாய வேண்டும்?

கேட்டை மூடவில்லை.

தமிழில் மூடு என்றால் சாத்து. தெலுங்கில் மூடு என்றால் மூன்று. அந்த ஊரில் மதகுக் கதவுகளை 'கேட் ஒகட்டி, கேட் ரெண்டு, கேட் மூடு' என்றுதான் சொல்வார்களாயிருக்கும். மதகுக்காரரிடம் காது பழகி, அவளும் அப்படியே சொல்லியிருக்கிறாள். கேட் மூடு. மூன்றாவது கதவு. 'மாட்டிக்கினோம், ஜீப் நவுரல' என்பதில்தான் பாதி எனக்கு வந்திருக்கிறது. அவர்கள் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் மகள் என்னிடம் தமிழில்தான் பேசுவாள் என்று என் காது முடிவு செய்துவிட்டது.

ரிசீவரை எடுத்து எண்ணை மறுபடி சுழற்றினேன்.

"ஹரி, ஜேசிபிய திருப்பு! ஏரிக்கே திருப்பு!"

"இப்பதானே மேடம் மூடிட்டாங்கன்னு சொன்னீங்க?"

"மூடலப்பா! மூடு! மூடு!"

"அதான் மேடம், மூடு..."

"தெலுகு மூடு, ஹரி! மூணு! த்ரீ! கேட் நம்பர் த்ரீ கிட்ட ஜீப் சாஞ்சுகினு கீது!"

"அய்யய்யோ" என்று மட்டும் சொன்னான். ரிசீவரை வைக்காமலே யாரிடமோ கத்திக்கொண்டு ஓடியது கேட்டது.

நான் மைக்கை எடுத்தேன். அவள் குமிழ் நகர நகர அவளுக்கும் என் குரல் கெட்டுத்தான் கேட்கும். ஒவ்வொரு முறையும் அவள் இருக்கும் இடத்துக்கு என் குமிழைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒரே வார்த்தையைச் சொன்னேன்.

"வலது. வலது பக்கமா எறங்கு. வலது."

அவள் குரல் வந்தது. "டிரைவர் அண்ணா எறங்கிக்கீறாரும்மா. சக்கரத்துக்குக் கீழ கல்லு குடுக்கறாரு."

"எந்தப் பக்கம்?"

"எம் பக்கம்."

எம் பக்கம் என்றால் இடப்பக்கம். ஜீப்புக்கும் மதகுச் சுவருக்கும் நடுவில்.

"அவரை வரச் சொல்லு! யாமினி, அவரை அங்கிருந்து வரச் சொல்லு!"

என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. குரல் ஒரேயடியாகக் கீழே இறங்கி, மனிதக் குரல் என்று சொல்ல முடியாத ஓர் உறுமலாகி, நின்றுவிட்டது. நான் குமிழை வலப்பக்கம் திருப்பினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். கிண்ணம் மூன்று மணியைத் தாண்டி, நான்கைத் தாண்டி, முழுச் சுற்றும் சுற்றிவிட்டது. எங்கேயும் அவள் இல்லை, மழையின் இரைச்சல்தான் இருந்தது.

தொலைபேசியில் ஹரி திரும்ப வரும்வரை நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார்: மைக்கைப் பிடித்துக்கொண்டு "திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தேனாம்.

"பாப்பா இருக்குது மேடம்" என்றான் ஹரி. "ஜேசிபி பக்கெட்ல தூக்கிட்டாங்க. ரெண்டு பேரையும் தூக்கிட்டாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தீஸ்குனி போறாங்க." ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் ஒரு மாதிரியும் இருவரைப் பற்றிப் பேசும்போது வேறு மாதிரியும் இருந்தது. நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுபோய் விட்டார். வழி முழுவதும் என் வலது கை மடியில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் சில நேரம் திரும்புகிறது. மகள் விடுதியிலிருந்து போன் செய்து, அவள் குரல் சளியால் கொஞ்சம் கட்டியிருந்தாலும் போதும்.

மருத்துவமனைக்குப் போனபோது விளக்கு போட்டிருந்தார்கள். அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் யாமினி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு நோயாளியின் போர்வை போர்த்தியிருந்தது. முழங்கையில் கட்டு. தொட்டுப் பார்த்தேன். முகம், தோள், விரல்கள், அந்த மடங்காத விரல், எல்லாம் இருந்தன. அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று வந்தவள் நான். அவள் என்னைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாவுக்குக் காலு போயிடுச்சும்மா" என்றாள். "முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இன்னும் உள்ளதான் கீறாரு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஜேசிபி வந்துச்சும்மா" என்றாள். "தூரத்துல லைட்டு தெரிஞ்சுது. நானும் அண்ணாவும் கை காட்டினோம். அப்புறம் அது திரும்பிப் போயிடுச்சு. அண்ணாதான் சொன்னாரு, அவங்களுக்கு வேற எங்கியோ அவசரம் போலக்கீது பாப்பா, நாம ஒரு கல்லு வெச்சுப் பாக்கலாம்னு. அப்புறந்தான் எறங்கினாரு." இப்போது என்னைப் பார்த்தாள். "ஏம்மா அது திரும்பிப் போச்சு?"

சொல்லத்தான் நினைத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கிண்ணத்திலிருந்தா, இறுக்கும் திருகிலிருந்தா, மூடு என்ற வார்த்தையிலிருந்தா? எதில் ஆரம்பித்தாலும் அது ஒரே இடத்தில்தான் வந்து முடிந்தது. நான் ஒரு முறை கூடக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் மாடிப்படி வழியாக ஒரு பெண் வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. இடுப்பில் ஒரு மஞ்சள் பை. நாகலாபுரத்துப் பக்கத்திலிருந்து பால் வண்டியில் ஏறி வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. முனிரத்தினத்தின் மனைவி கஸ்தூரி. என்னை அவளுக்குத் தெரியாது. போர்வைக்குள் இருந்த யாமினியை யாரென்று ஊகித்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். இரண்டு கன்னங்களையும் கையில் ஏந்திக்கொண்டாள்.

"நீதான் ரேடியோ பாப்பாவா? நல்லாக்கீறியாம்மா?" என்றாள். "உயிரே போயிடுச்சு எனக்கு. அப்புறம் சேதி வந்துச்சு, கேட்ட மூடிட்டாங்கோ, ஜீப்பு வெளிய வந்துடுச்சுன்னு. யாரோ சித்தூர் மேடம் ரேடியோல கேட்டுச் சொன்னாங்களாம். அதுக்கப்புறந்தான் நானு ஒரு வாய் துன்னேன். இவருக்கு மாத்துத் துணி எடுத்துக்கினு திருப்பதிக்கு வந்தா, ஜீப்ல வந்த பாப்பா ஆஸ்பத்திரில கீதுன்னாங்கோ. அந்த அம்மா நல்லா இருக்கணும். எங்க கீறாங்கன்னு சொல்லு பாப்பா, கையெடுத்து ஒரு கும்புடு போட்டுர்றேன்." பையை பெஞ்சில் வைத்து, அதிலிருந்து காய்ந்த லுங்கியையும் சட்டையையும் எடுத்து மடிப்பு நீவினாள். சுற்றிலும் பார்த்தாள்.

"ஆமா, இவரு எங்க? உன்னக் கொண்டாந்து வுட்டுட்டு, பீடி வாங்கப் போயிட்டாரா?"